பதினோராவது எழுத்து

"பதினோராவது எழுத்தைச் சொல்லுங்க."

இதைக் கேட்ட பிறகுதான் அவர் தலையை நிமிர்த்துவார். வந்தவர் அவசரத்தில் மூச்சு வாங்குகிறாரா, கிரீஸ் கையோடு கவுன்டரைத் தொட்டுவிட்டாரா என்பதெல்லாம் அப்புறம். கார் உதிரிபாகக் கடையில் முன்னால் நிற்கும் விற்பனையாளர் அவர். கடையில் அதிகம் விலைபோவது ஒரே ஒரு சின்னக் காரின் சாமான்கள். அந்தக் காரின் பதிவுப் புத்தகத்தில், ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து பதினேழு இடம் கொண்ட ஒரு வரிசை இருக்கும். அதில் பதினோராவதாக நிற்கும் எழுத்து, கார் எந்தத் தொழிற்சாலையில் கூட்டப்பட்டது என்று சொல்லிவிடும். 'கே' என்றால் பழைய ஆலை. 'பி' என்றால் துறைமுக ஆலை.

வந்தவர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். பத்து விரலும் தீர்ந்த பிறகு வருவது பதினொன்று என்பதால் பாதிப் பேர் அங்கேயே தடுமாறி, மறுபடி கட்டைவிரலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவர் காத்திருப்பார். வருகைப் பதிவு எடுக்கும் வாத்தியாருக்குக்கூட அவ்வளவு பொறுமை கிடையாது.

இதனால் தெருவிலுள்ள மெக்கானிக்குகள் அவருக்கு வைத்த பெயர் 'பதினொண்ணு'. அவரே போனை எடுத்து, "ஆமா, பதினொண்ணுதான் பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

வயது ஐம்பத்தெட்டு. சட்டைப் பையில் மூன்று பொருள்கள்: பேனா, போன், வெர்னியர் அளவுமானி. பள்ளி ஆய்வகத்தில் நாமெல்லாம் ஒருமுறை கையில் வாங்கி, பக்கத்தில் நிற்பவன் மூக்கை அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோமே, அதேதான். அவர் அதை வைத்து உண்மையிலேயே அளப்பார்.

கடையின் முதலாளியம்மாவுக்கு அதுதான் எரிச்சல். அப்பாவிடமிருந்து கடையும் அவரும் சேர்ந்தே கைக்கு வந்ததால் அவரை 'அண்ணா' என்று கூப்பிடுவார். ஆனால் திட்டுவது தம்பியைத் திட்டுவது போலத்தான்.

"வண்டி ஒண்ணு, பேரு ஒண்ணு, டப்பால போட்டிருக்கற படம்கூட ஒண்ணு. நீங்க மட்டும் ரெண்டுங்கறீங்க. வந்த ஆள எதுக்குண்ணா திருப்பி அனுப்பறீங்க?"

"வரைபடம் ஒண்ணுதாம்மா. ஆனா இங்க கிளிப்பு செய்யறவன் வேற, அங்க செய்யறவன் வேற. ஒயர் முனையும் அப்படித்தான். பத்துல எட்டு சாமான் மாத்திப் போட்டாலும் சமத்தா உக்காந்துக்கும். மிச்சம் ரெண்டுதான் ஆளக் கொல்லும்."

"அந்த ரெண்டு எதுன்னு மட்டும் எழுதி ஒட்டுங்களேன்."

"வருஷத்துக்கு வருஷம் அது வேற ரெண்டாயிடும்மா."

முதலாளியம்மா அதோடு பில் போடும் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொள்வார். இந்த உரையாடல் வாரம் ஒருமுறை நடக்கும். இருவருக்கும் வசனம் மனப்பாடம்.

எதிர்ப்பக்கப் பட்டறையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருநாள் அவரைச் சோதிக்க நினைத்தார். பழைய ஆலைக் காரின் பின்விளக்கை எடுத்து, அதற்குள் துறைமுக ஆலை பல்பு தாங்கியைப் பசை வைத்து உட்கார வைத்து, ஸ்டிக்கரையும் சுரண்டிவிட்டுக் கொண்டுவந்தார். பின்னால் வேடிக்கை பார்க்க நான்கு பேர். பரீட்சை அறையில் துண்டுச் சீட்டு கைமாறும்போது இருக்குமே, அந்த மௌனம்.

"பதினொண்ணு அண்ணே, இது எந்த ஆலைன்னு சொல்லுங்க பாப்போம். எழுத்தெல்லாம் கெடையாது. சும்மா கையால பாத்துச் சொல்லணும்."

அவர் விளக்கைக் கையில் வாங்கினார். எடை பார்த்தார். ரப்பர் விளிம்பை நகத்தால் கீறி முகர்ந்தார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார். பிறகு வெகு சோகமாக எலக்ட்ரீஷியனைப் பார்த்தார்.

"உடம்பு கே. உசுரு பி. ரெண்டு விளக்கக் கொன்னுட்டு வந்திருக்கீங்க."

நான்கு பேரும் கைதட்டினார்கள். எலக்ட்ரீஷியன் தேநீர் வாங்கித் தரவேண்டியதாயிற்று. பதினொண்ணு பாதி குடித்துவிட்டு, அந்தத் தாங்கியை உடையாமல் கழற்ற ஒரு மணி நேரம் போராடினார். சிரித்தவர்கள் எல்லாம் அதற்குள் கலைந்துபோயிருந்தார்கள். அவர் மட்டும் கழற்றிய இரண்டையும் வரிசையாக வைத்துவிட்டு, யாராவது வந்து பார்ப்பார்களா என்று கொஞ்ச நேரம் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த ஆலை வண்டி நல்ல வண்டி என்பது அவரிடம் மக்கள் கேட்கும் இன்னொரு கேள்வி. பழைய கார் வாங்கப்போகும் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். கணவன் கையில் போன். அதில் ஏதோ விவாதம் ஓடிக்கொண்டிருந்தது.

"கே வண்டிதான் வாங்கணுமாம் சார். இரும்பு கெட்டியாம். பி வண்டியில பெயின்ட் உரியுமாம். எல்லாரும் போட்டிருக்காங்க."

"போட்டவரு எந்த வண்டி வச்சிருக்காரு?"

கணவன் போனைத் தள்ளிப் பார்த்தான். "கே."

"பி வச்சிருக்கறவங்க என்ன சொல்றாங்க?"

"பி தான் பெஸ்ட்டுன்னு."

"அப்ப முடிஞ்சுது" என்றார். மனைவி சிரித்துவிட்டாள். சிரிக்க ஒருத்தி கிடைத்த உற்சாகத்தில் அவர் வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார். "துறைமுக ஆலை மொத ஆறு மாசம் சொதப்பினாங்க, உண்மைதான். கதவு ரப்பர் சரியா ஒட்டல. அப்புறம் சரிபண்ணிட்டாங்க. அதே சமயத்துல பழைய ஆலையில மிஷின் தேஞ்சுபோய் அவங்க சொதப்பினாங்க. அத யாரும் எழுதல. நீங்க வாங்கப்போற வண்டிய யாரு ஓட்டினாங்க, எப்படி ஓட்டினாங்க, தண்ணில நிறுத்தி வச்சாங்களா, அதக் கேளுங்க. தான் எங்க பொறந்தோம்னு வண்டிக்கே தெரியாது. போல்ட்டுக்குத்தான் தெரியும்."

அவர்கள் நன்றி சொல்லிவிட்டு எதுவும் வாங்காமல் போனார்கள். அவர் அன்று மாலை வரை ஒரு தினுசாக நிமிர்ந்தே நின்றார்.

கடையிலிருந்து நடக்கும் தூரத்தில் மாடியில் ஓர் அறையும் சமையல் மூலையும். நாற்காலி இரண்டு. ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் பழைய விலைப்பட்டியல்கள் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் போனில் வானிலை அறிக்கையை ஒலிபெருக்கியில் போடுவார். இந்த ஊருக்கு அல்ல, எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய இன்னோர் ஊருக்கு. அங்கே நாளை மழையா வெயிலா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார். அந்த ஊரில்தான் அவருக்கு மனைவியாக இருந்தவர் இருக்கிறார்.

பிரிந்து ஏழு வருடம். பாத்திரம் பறந்த சண்டை எதுவும் கிடையாது. பறந்திருந்தால் எடுத்து அடுக்குகிற சாக்கிலாவது இரண்டு பேச்சு பேசியிருக்கலாம். அந்த அம்மா சொன்ன குறை ஒன்றுதான்: "வீட்ல ரெண்டு பேரு இருக்கோம். ஆனா ஒரு ஆளு சத்தம்கூடக் கேக்கல." அவர் அப்போதும் சாப்பாட்டு மேசையின் கால் ஆடுகிறதென்று குனிந்து திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு வெளியூரில் வேலை மாற்றல் வந்தது. போனார். கையெழுத்துகள் தபாலில் போய்த் தபாலில் வந்தன. கார் அந்த அம்மாவோடு போனது. இவருக்குக் கடை நடக்கிற தூரம்தானே.

அன்றிலிருந்து அந்த அம்மா போன் செய்வது காருக்கு ஏதாவது ஆனால் மட்டும், அதுவும் கடை எண்ணுக்கு. முன்பெல்லாம் 'ஏங்க' என்று கூப்பிடுவார். இப்போது அப்படிக் கூப்பிட முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பழக்கமில்லை. 'சார்' என்றால் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிடும். அதனால் எடுத்ததும் "கார்தான்" என்று ஆரம்பிப்பார். இவரும் "ம்" என்பார். உலகத்திலேயே விளி இல்லாமல் பேசிக்கொள்ளும் இரண்டு பேர் இவர்களாகத்தான் இருக்கும். வருடத்துக்கு இரண்டு அழைப்பு, அதிகம் போனால் மூன்று. அந்த எண் திரையில் தெரிந்து மணி அடித்தாலும் இவர் உடனே எடுக்கமாட்டார். காத்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடக்கூடாதென்று மூன்று தடவை அடிக்கவிட்டு எடுப்பார். நான்காவது அடிக்குள் அந்தப் பக்கம் வைத்துவிடுவார்களோ என்று முகம் வெளிறிவிடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு தப்பு செய்தார். கடை வாழ்க்கையிலேயே ஒரே தப்பு. அந்த அம்மாவின் கார் 'பி'. ஓட்டுநர் பக்கக் கதவுக்கு ரப்பர் கேட்டார். இவர் பதினோராவது எழுத்தை நம்பி 'பி' ரப்பரை அனுப்பினார். சேரவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. இருவரும் ஒன்றாக இருந்த காலத்தில் இவர் காரைப் பின்னால் எடுக்கும்போது கதவைத் தூணில் இடித்து நசுக்கியதும், பழைய கார் உடைக்கும் இடத்துக்குப் போய் ஒரு கதவை வாங்கி வந்து மாட்டியதும், அது கழற்றப்பட்டது ஒரு 'கே' வண்டியிலிருந்து என்பதும். கார் துறைமுகம், ஒரு கதவு மட்டும் பழைய ஆலை. புத்தகத்தில் அது இல்லை. அவருடைய தலையில் மட்டும்தான் இருந்தது, அங்கேயும் தொலைந்துபோயிருந்தது.

ஆனால் அந்த ஒரு தப்பினால் ஒரே வாரத்தில் மூன்று அழைப்பு வந்தது. சேரவில்லை என்று சொல்ல ஒன்று. கதவில் ரப்பர் மாட்டும் துளைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்ல ஒன்று. அந்த அம்மா அடிக்கோலை வைத்துக்கொண்டு, "நாலு சென்டிமீட்டரு, அதுக்கப்புறம் மூணு சின்னக் கோடு" என்று சொல்ல, இவர் இந்தப் பக்கம் எழுதிக்கொள்ள, இருபத்திரண்டு நிமிடம். பிறகு சரியான ரப்பர் போய்ச் சேர்ந்து மாட்டியாயிற்று என்று சொல்ல ஒன்று. அந்த வாரம் அவர் கடையில் மெல்லிசாக விசில் அடித்ததாக எலக்ட்ரீஷியன் சாட்சி சொல்கிறார்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை போன் அடித்தது. மூன்று அடி. எடுத்தார்.

"கார்தான்."

"ம்."

"டிரைவர் பக்கக் கண்ணாடி எறங்கிடுச்சு. ஏறவே மாட்டேங்குது. உள்ள கரகரன்னு ஏதோ அரைக்குது."

"மோட்டார் சுத்துதா?"

"சுத்துது. கண்ணாடிதான் அசையல."

"பல்லு தேஞ்சிருக்கும். கண்ணாடிய ஏத்தி எறக்கற மெஷினயே மாத்தணும்."

"மாத்திட்டா வித்துடலாம்னு இருக்கேன்."

இவர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மூடினார்.

"ஆளு வந்து பாத்துட்டாங்க. எல்லாம் புடிச்சிருக்காம். கண்ணாடி மட்டும் ஏறிடுச்சுன்னா அன்னிக்கே எடுத்துக்கறாங்களாம். எனக்கு ஆபீசுக்குப் பக்கத்துலயே வீடு கெடச்சிடுச்சு. நடந்தே போயிடலாம். இனிமே எதுக்கு காரு?"

"நல்ல வண்டி."

"நல்ல வண்டிதான். யாரு இல்லன்னாங்க?" சற்று நின்று, "இதே கதவுக்குத்தான் முன்ன ஒரு தடவ ரப்பர் சேராமப் போச்சு. இந்தத் தடவ சேருமா?"

"பாத்து அனுப்பறேன்."

"சீக்கிரமா அனுப்பினா நல்லாருக்கும். இங்க ஒரு வாரமா மழை. பிளாஸ்டிக் தாள வச்சு ஒட்டியிருக்கேன், டேப்பு நிக்கவே மாட்டேங்குது. தெனம் ஒரு கை மட்டும் நனஞ்சு ஆபீசுக்குப் போறேன். என்ன, பாதிதான் குளிச்சியான்னு கேக்கறாங்க" என்று சொல்லி அந்த அம்மா சிரித்தார்.

மழை என்பது அவருக்குத் தெரியும். சிரிப்பு எந்த அறிக்கையிலும் வராது.

"யாருண்ணா போன்ல?" என்றார் முதலாளியம்மா.

"கஸ்டமர்."

பின்னால் போய் அலமாரியிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஒன்று பி. ஒன்று கே. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே மெஷினின் அடிப் போல்ட் துளை, கே-யில் ஆறு மில்லிமீட்டர் கீழே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆறு மில்லிமீட்டர் என்பது ஒரு பேனா பருமன்கூட இல்லை. ஆனால் பி மெஷினை அந்தக் கே கதவுக்குள் தலைகீழாக நின்றாலும் உட்கார வைக்க முடியாது.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பி பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

பதிவுப் புத்தகத்தில் பி. கடைக் கணினியில் பி. யார் வந்து விசாரித்தாலும் பி-தான் சரி. அங்கே போய்ச் சேர இரண்டு நாள். சேரவில்லை என்று ஒரு போன். துளையை அளக்க ஒரு போன். அது எப்படியும் இருபது நிமிடம். மாற்றி அனுப்பியது வந்ததா என்று ஒன்று. வாங்கவந்த ஆள் அதற்குள் பொறுமை இழந்து வேறு வண்டி பார்த்துக்கொண்டு போனாலும் போகலாம். போனால் கார் அங்கேயே இருக்கும். கார் இருந்தால் பிரேக் தேயும், பல்பு போகும், பெல்ட் சத்தம் போடும். திருட்டுத்தனம்தான். ஆனால் இவ்வளவு ஒழுங்காக ஒருவர் திருட்டுத்தனம் செய்து யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். மெஷின் குலுங்காமலிருக்க நான்கு பக்கமும் பழைய காகிதத்தைக் கசக்கி வைத்தார். பெட்டியை மூடினார். அகலமான டேப்பை நீளமாக இழுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒட்டி, கட்டைவிரலால் தேய்த்தார்.

டேப் நன்றாக நின்றது. எண்ணெய்க் கறை பட்ட அட்டையில்கூட இறுக்கமாக நின்றது.

அவர் கட்டைவிரலை எடுக்கவில்லை. அங்கே ஒரு பெண்மணி தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஈரக் கதவில் டேப்பை ஒட்டி, அது உரிந்து, மறுபடி ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. ஒரு வாரம் ஆகிவிட்டது. இந்தப் பெட்டி போனால் இன்னும் ஒரு வாரம். நனைகிற அந்தப் பக்கக் கை.

கத்தியை எடுத்து டேப்பை நீளவாக்கில் கிழித்தார்.

அந்த நேரம் பார்த்து டாக்ஸி டிரைவர் ஒருவர் விளக்கு வாங்க வந்து நின்றார். இவரை வம்புக்கு இழுக்காமல் அவர் எதையும் வாங்கியதில்லை.

"என்ன தலைவரே, ஒட்டின பெட்டிய நீங்களே பிரிக்கறீங்க?"

"தப்பா வச்சுட்டேன்."

"யாரு?"

"நான்தான்."

"பதினொண்ணா?" டாக்ஸி டிரைவர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "எலக்ட்ரீஷியன் அண்ணே! ஓடி வாங்க! பதினொண்ணு எழுத்து மாத்தி வச்சிட்டாராம்! நாள குறிச்சு வச்சுக்கங்க!"

எலக்ட்ரீஷியன் வந்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். "மூக்குக்கண்ணாடிய மாத்துங்கண்ணே", "எங்களயெல்லாம் விரல் விட்டு எண்ண வச்சீங்களே", "ரிட்டயர்மென்ட்டா?" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். முதலாளியம்மாவும் பில் இயந்திரத்துக்குப் பின்னால் சிரித்தார். "பாத்தீங்களாண்ணா, உங்களுக்கே ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"ஆமாம்மா" என்றார் அவர். முதலாளியம்மா பில் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பேச்சுக்குப் பதினொண்ணு ஆமாம் என்று சொல்லி அந்தக் கடை கேட்டதே இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு கே மெஷினை வெளியே எடுத்தார். போல்ட் துளைகளை வெர்னியரால் அளந்தார். எழுதிக்கொண்டார். மறுபடி அளந்தார். பல்சக்கரத்தில் கிரீஸ் தடவி, கையால் சுற்றி ஓட்டம் பார்த்தார். கதவின் உள் அட்டையைப் பிடித்துக்கொள்ளும் கிளிப்புகள் மெஷினோடு வராது, தனியாக வாங்கவேண்டும். நான்கு போதும். ஐந்து எடுத்துச் சின்ன உறையில் போட்டார். கழற்றும்போது ஒன்று எப்படியும் கதவுக்குள் விழுந்துவிடும். விழுந்தால் அந்த அம்மாதான் தேடிக்கொண்டு நிற்கவேண்டும், இல்லையென்றால் போன் செய்து கேட்கவேண்டும். மாட்டுகிறவருக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எந்தப் போல்ட்டை முதலில் முறுக்குவது, எதைக் கடைசியில் என்று வரிசையாக எழுதி வைத்தார். யாரும் எதையும் யாரிடமும் கேட்கவேண்டிய அவசியமே வராதபடி எழுதியிருந்தார்.

மாலையில் அவரே கூரியர் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். வரிசையில் மூன்று பேர். கவுன்டரில் இருந்த பெண் பெட்டியை எடை பார்த்துவிட்டு ஒரு சீட்டை நீட்டினாள். பெறுநர் பகுதியை அவர் எதையும் பார்க்காமல் நிரப்பினார். வீட்டு எண், தெரு, பகுதி, எல்லாம் நுனி விரலில் இருந்தன. அனுப்புநர் பகுதியில் கடையின் பெயர் எழுதினார். தொலைபேசி எண் என்ற இடத்தில் பேனா நின்றது. எப்போதும் எழுதுவது கடை எண். இப்போது தன்னுடையதை எழுதினார்.

"நம்பர் எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துடும் சார். அத எழுதணும்னு அவசியமில்ல" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கட்டும்மா."

பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். இவர் சீட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு திரும்பவும் கீழே வைத்து, பத்து இலக்கங்களின் மேலேயும் ஒவ்வொன்றாகப் பேனாவை அழுத்தி ஓட்டி, ஒன்றைப் போலத் தெரிந்த ஏழின் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டார்.